ஒட்டுறவு: கோரிலேஷனுக்கு நம்ம சொல்

"அவங்களுக்கும் எங்களுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை" என்று திருநெல்வேலிப் பக்கம் சொல்லுவோம் இல்லையா, அந்த ஒட்டுறவுதான் கோரிலேஷனுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூலில் இருக்கும் சொல். ஒரு மாறி, அதாவது மாறக்கூடிய ஓர் அளவு, கூடக்கூட இன்னொன்றும் கூடினால் நேர் ஒட்டுறவு, ஒன்று கூட மற்றது குறைந்தால் எதிர் ஒட்டுறவு. இதை அளக்கும் எண்ணான ஒட்டுறவுக் கெழு -1 முதல் +1 வரை போகும்.

கோரிலேஷன் என்ற சொல்லுக்கு மூலம் லத்தீன். 'சேர்ந்து' என்று பொருள்படும் முன்னொட்டோடு உறவைக் குறிக்கும் சொல் இணைந்தது. 1888-ல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் மனிதர்களின் உயரத்தையும் முன்கை நீளத்தையும் ஒப்பிட்டபோது இதைப் புள்ளியியலுக்குள் கொண்டுவந்தார், கெழுவின் சூத்திரத்தைப் பின்னால் செம்மைப்படுத்தியவர் கார்ல் பியர்சன். இரண்டு அளவுகள் சேர்ந்து மாறுவதற்குப் பொதுவான காரணங்கள் இருக்கும் என்று கால்டன் அப்போதே எழுதிவிட்டார். ஒன்றுதான் மற்றதை உண்டாக்கியது என்பது இந்தச் சொல்லுக்குள் ஆரம்பத்திலிருந்தே கிடையாது.

அதனால்தான் கோரிலேஷனைத் 'தொடர்பு' என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். 'இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கு' என்றாலே காரணம் கிடைத்துவிட்ட மாதிரி வாசிக்கிறோம், போதாததற்குப் பாடநூலில், ஒரு மாறியைக் கொண்டு இன்னொன்றைக் கணிக்கும் ரெக்ரஷனுக்குத் 'தொடர்புப் போக்கு' என்று வேறு பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

சரி, புள்ளிகளுக்குப் பதில் வட்டங்கள் போட்டு, வட்டத்தின் அளவால் மூன்றாவது மாறியையும் காட்டும் குமிழி விளக்கப்படத்தில் (பபிள் சார்ட்) ஒட்டுறவை எப்படி வாசிப்பது? நம்ம மாவட்டத்தின் ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் ஒரு குமிழி போடுவதாக வைத்துக்கொள்வோம். கிடை அச்சில் அந்த ஒன்றியத்தில் பெய்த மழை, நிலை அச்சில் நெல் விளைந்த பரப்பு, குமிழியின் அளவு ஆற்றுக் கால்வாய்ப் பாசனம். மழைக்கும் நெல்லுக்கும் உள்ள ஒட்டுறவைப் பார்க்க வேண்டுமென்றால் குமிழிகளின் நடுப்புள்ளிகள் மட்டும் போதும், அவை இடமிருந்து வலமாக மேலே ஏறுகின்றனவா, இறங்குகின்றனவா, சிதறிக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். பெரிய குமிழி கண்ணை இழுக்கும், ஆனால் அதுவும் ஒரே ஒரு ஒன்றியம்தான்.

அளவை அப்புறம் வாசிக்க வேண்டும். பாளையங்கோட்டை வயலுக்கு அங்கே பெய்யும் மழையை மட்டும் நம்பி யாரும் நாற்றுப் பாவுவதில்லை, பொதிகை மலையில் பெய்து பாபநாசம் அணையில் தேங்கி, பழவூர் அணைக்கட்டில் பிரிந்து, பாளையங்கால்வாய் வழியாக வரும் தண்ணீர் அது. அதனால் உள்ளூர் மழை குறைவாக இருந்தும் குமிழி மேலே நிற்கும், பெரிதாகவும் இருக்கும். தாமிரபரணியின் பழைய கால்வாய்கள் எட்டாத ராதாபுரம் பக்கம் சின்னக் குமிழியாகக் கீழே இருக்கும். மேலே போகப்போகக் குமிழி பெருத்தால் நெல்லுக்கும் கால்வாய்க்கும் நேர் ஒட்டுறவு, வலப்பக்கம் போகப்போகப் பெருத்தால் மழைக்கும் கால்வாய்க்கும். ஒரே படத்தில் மூன்று ஜோடிகள், மூன்றையும் தனித்தனியாக வாசிக்காமல் 'மழைக்கும் நெல்லுக்கும் ஒட்டுறவே இல்லை' என்று எழுதினால் மலையில் பெய்த மழையை மறந்துவிட்டோம் என்று அர்த்தம்.

இன்னொன்று, மதிப்பு குமிழியின் பரப்பில் இருக்க வேண்டும், அகலத்தில் அல்ல. அகலத்தை இரட்டித்தால் பரப்பு நாலு மடங்காகிவிடும். எக்செல்லில் இரண்டுக்கும் வசதி உண்டு, எது தேர்வாகியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் படத்தை வாசியுங்கள்.