மீட்டருக்கு இந்தப் பக்கம் யாருடைய குழாய்?

பத்தாங் பெர்ஜுந்தை என்று பெரியவர்கள் இன்னமும் அழைக்கும், மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில், தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், குடியிருப்பவரும் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதியில் வீடு வாங்கிக் குடியேறியவரும் குடிப்பது சிலாங்கூர் ஆற்றுத் தண்ணீரைத்தான். ஆயினும் அந்தத் தண்ணீர் தொடர்பான உரிமையும் கட்டணமும் இருவருக்கும் வெவ்வேறு சட்டங்களின் கீழ் வருகின்றன. தானாகவே அளவை அனுப்பும் இலக்கவியல் மீட்டர்களை நீர் நிறுவனங்கள் பயன்படுத்தத் தொடங்கியிருக்கும் இந்நாளில், நம் வீடு மீட்டருக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

தோட்டத்தில் வேலை செய்பவருக்கும் அவரை நம்பி உடன் வாழும் குடும்பத்தாருக்கும் பொருந்துவது, தொழிலாளர்களின் குறைந்தபட்ச வீட்டு வசதிகள் பற்றிய 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம். தொழிலாளருக்கு வீடு கொடுக்கும் தோட்ட நிர்வாகம், அந்த வீட்டிற்குப் போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாக வழங்க வேண்டும் என்று அது கூறுகிறது. 2019-இல் திருத்தப்பட்டு 2020 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த மாற்றங்கள் இச்சட்டத்தைப் பிற தொழில்துறைகளுக்கும் விரிவாக்கின. இங்கே ‘இலவசமாக’ என்ற சொல்லைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறோம்; ‘போதுமான’ என்ற சொல்லை மறந்துவிடுகிறோம். காலையில் ஒரு மணி நேரம் மட்டும் வால்வைத் திறந்துவிட்டு அடைத்துவிடும் வழக்கம் இருந்தால், கேட்க வேண்டியது இந்த இரண்டாவது சொல்லைத்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் லயத்திலேயே தங்கியிருப்பவருக்கு நிர்வாகத்தின் இந்தக் கடமை அப்படியே நீளும் என்று எண்ணிவிடக் கூடாது.

பல தோட்டங்களில் வாசலிலோ பொதுச் சாலையோரத்திலோ ஒரே ஒரு பெரிய மீட்டர் இருக்கும். அதுவரையுள்ள குழாயை நீர் நிறுவனம் பார்த்துக்கொள்ளும். அதைத் தாண்டிய குழாய், தொட்டி, வால்வு அனைத்தும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. அந்த மீட்டர் மாதத்திற்கு ஒரு முறை ஆள் வந்து படிப்பதாக இருந்தவரை, உள்ளே எங்கே எவ்வளவு ஒழுகினாலும் மாதக் கடைசியில் ஒரு மொத்த எண்தான் கிடைக்கும். மணிக்கொரு முறை அளவை அனுப்பும் மீட்டர் வந்துவிட்டால், எல்லோரும் உறங்கும் விடியற்காலை இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது தெரிந்துவிடும். அந்நேரத்தில் தொட்டி நிரம்பிய பிறகும் ஓட்டம் குறையாமல் இருந்தால், எங்கோ ஒழுகுகிறது என்றே பொருள்; மண்ணுக்கடியில் பழைய இரும்புக் குழாய் உடைந்திருக்கக்கூடும். எந்த லயத்திற்கு அருகில் என்பதை மட்டும் அந்த ஒற்றை மீட்டரால் சொல்ல இயலாது. அதற்கு லய வரிசைதோறும் துணை மீட்டர் பொருத்த வேண்டும், அல்லது பழையபடி தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர் ஒவ்வொரு வால்வாக அடைத்துப் பார்க்க வேண்டும். நாடு முழுவதும் சுத்திகரிக்கப்பட்ட நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வருமானமில்லா நீராகவே, அதாவது கசிவு போன்றவற்றால் கட்டணம் கிடைக்காத நீராகவே, போய்க்கொண்டிருந்த நிலையில், நீர் நிறுவனங்கள் தங்கள் குழாய்களிலும் பகுதி பகுதியாக மீட்டர் வைத்து இதே இரவுக் கணக்கைத்தான் பார்க்கின்றன.

தாமான் வீட்டுக்காரருக்குப் பொருந்துவது நீர்ச் சேவைத் தொழில் பற்றிய 2006-ஆம் ஆண்டின் 655-ஆவது சட்டம். இங்கே கணக்கு நம் பெயரில் இருக்கிறது, மீட்டர் நிறுவனத்தினுடையது, மீட்டரைத் தாண்டி வீட்டிற்குள் வரும் குழாய் நம்முடையது. 2024 பிப்ரவரி 1 முதல் தீபகற்பத்திலும் லாபுவானிலும் வீட்டுப் பயன்பாட்டுக் கட்டணம் கன மீட்டருக்குச் சராசரி 22 சென் உயர்ந்த பின்பு, உள்ளே ஒழுகுவதும் நம் கைக்காசுதான். சிலாங்கூரில் 2008-இல் தொடங்கிய மாதம் 20 கன மீட்டர் இலவச நீர், 2020-இலிருந்து வருமான வரம்பிற்கு உட்பட்ட குடும்பங்கள் விண்ணப்பித்துப் பெறும் சலுகையாக மாறியது. தொடக்கத்தில் 4,000 வெள்ளியாக இருந்த குடும்ப வருமான வரம்பு பின்னர் 5,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. இருபது கன மீட்டர் என்பது இருபதாயிரம் லிட்டர். கழிப்பறைத் தொட்டியில் நிமிடத்திற்கு ஒரு லிட்டர் சத்தமில்லாமல் கசிந்தால், பதினான்கு நாளில் அந்தச் சலுகை முழுவதும் சாக்கடைக்குப் போய்விடும்.

புதிய மீட்டர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இரவு படுக்கப் போகுமுன் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுக் கைவிளக்கோடு மீட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். சாதாரண மீட்டர்கள் பலவற்றில் எண்களுக்குக் கீழே நட்சத்திரம் போன்ற சிறு சக்கரம் ஒன்று இருக்கும். அது மெல்லச் சுழன்றுகொண்டிருந்தால், எங்கோ கசிகிறது.

ஆற்றில் கோளாறு வந்தால் லயம், தாமான் இரண்டிற்கும் பாதிப்புத்தான். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் ஆற்றில் கலந்த கழிவின் நாற்றத்தால் சிலாங்கூர் ஆற்று நீரை நம்பிய சுத்திகரிப்பு ஆலைகள் மூடப்பட்டுப் பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. அணைகளின் நீர்மட்டத்தை லுவாஸ் எனப்படும் சிலாங்கூர் நீர் நிர்வாக வாரியத்தின் இணையத்தளத்தில் எவரும் பார்க்கலாம். விநியோகத் தடை அறிவிப்புகள் மாநிலத்தின் நீர் நிறுவனமான ஆயேர் சிலாங்கூரின் செயலியில் வரும்.

புகார் செய்ய வேண்டியிருந்தால், லயத்தில் இருப்பவர் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கொடுத்து நகல் வைத்துக்கொண்டு, பலனில்லையெனில் தொழிலாளர் இலாகாவை நாட வேண்டும். தாமானில் இருப்பவர் முதலில் நீர் நிறுவனத்திடம் புகார் எண் பெற்ற பிறகே ஸ்பான் எனப்படும் தேசிய நீர்ச் சேவை ஆணையத்திற்குச் செல்வது முறை. வீட்டில் மீட்டரை மாற்ற ஆள் வரும் நாளில், பழைய மீட்டரின் கடைசி எண்ணையும் புதியதன் தொடக்க எண்ணையும் தேதியோடு கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். அடுத்த மாத பில்லில் சந்தேகம் எழுந்தால், நீர் நிறுவன முகப்பிடத்தில் கேட்கப்படுவது அந்த இரண்டு எண்களாகத்தான் இருக்கும்.