பெரியம்மா ஏன் கட்டங்கட்டமாகத் தெரிந்தார்?

புளியரையில் சாரல் விழும் நாட்களில் நாலு மணிக்கே வீட்டுக்குள் இருட்டிவிடும். மலைக்கு அந்தப் பக்கம் கொல்லத்தில் வேலை பார்க்கும் பேரனிடம் பெரியம்மா வீடியோ காலில் பேசுவது அந்த நேரத்தில்தான். "அவன் பளிச்சுன்னு தெரியுதான். நான்தான் அவனுக்குக் கட்டங்கட்டமாத் தெரியுதேனாம். மழை வந்தா டவர் போயிருதுல்லா" என்றார்.

டவர் மேல் பழி போடுவது சுலபம். எல்லை ஊர் வேறு. போன் சிலசமயம் கேரளத்து டவரைப் பிடித்துக்கொண்டு தடுமாறும். ஆனால் திரையின் மூலையில் நம் முகம் தெரிகிறதே, அது கேமராவிலிருந்து நேராக வருவது. டவர் வரை போய்த் திரும்புவதில்லை. அது தெளிவாக இருந்து எதிர்முனையில் மட்டும் கெட்டால், நம் பக்கத்து அப்லோடைச் சந்தேகிக்கலாம். பெரியம்மாவின் படத்தைத் தொட்டுப் பெரிதாக்கினேன். ரவை தூவியதுபோல் புள்ளிகள் நெளிந்தன. டவருக்குப் போகும் முன்பே படம் கெட்டிருந்தது.

வீடியோவை 1280க்கு 720 புள்ளி, புள்ளிக்கு 24 பிட் (ஒரு பிட் என்பது ஒரு 0 அல்லது 1), வினாடிக்கு 30 படம் என்று அப்படியே அனுப்பினால் வினாடிக்கு 66 கோடி பிட் ஆகும். சாதாரண வீடியோ காலில் போவது பத்திருபது லட்சம்தான். மிச்சத்தைச் சுருக்கும் தந்திரம், மாறாததைத் திரும்ப அனுப்பாமல் இருப்பது. 2003இல் வந்த எச்.264 என்ற வீடியோ சுருக்கும் முறை படத்தை 16க்கு 16 புள்ளிக் கட்டங்களாகப் பிரிக்கிறது. முந்தைய படத்திலிருந்து ஊகிக்க முடிகிற கட்டத்துக்குச் செலவு மிகச் சொற்பம். அசையாத சுவர் கிட்டத்தட்ட இலவசம்.

இருட்டில் இந்தக் கணக்கு குலைகிறது. சென்சாரில் விழும் ஒளி குறைவு; அந்தச் சொற்பத்தைப் பெருக்கும்போது அதிலுள்ள தாறுமாறான ஏற்ற இறக்கமும் சேர்ந்து பெருகுகிறது. அதுதான் ரவை. ஒவ்வொரு படத்திலும் அது இடம் மாறுவதால், சும்மா நிற்கும் சுவர்கூட மாறிக்கொண்டே இருப்பதாக ஆப் நம்பி, பிட்டுகளை அதில் கொட்டுகிறது. முகத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம். ஒரு கட்டம் முழுக்க ஏறக்குறைய ஒரே நிறமாகப் பூசப்படுகிறது.

பெரியம்மா உட்கார்ந்திருந்ததோ வாசலுக்கு முதுகு காட்டி. பின்னால் சாரலும் ஆடும் தென்னை ஓலைகளும். அசைவது எல்லாமே செலவு. வெளி வெளிச்சத்துக்கு ஏற்பக் கேமரா தன்னைக் குறைத்துக்கொண்டதில் முகமும் கறுத்தது.

நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். இப்போது முகத்தில் வாசல் வெளிச்சம், பின்னால் வெறும் சுவர். லென்சில் தேங்காய் எண்ணெய்க் கைரேகை வேறு, முந்தானையால் துடைத்தார். சிக்னல் கோடு முன்பு இருந்த அதே இரண்டுதான். முகத்துச் சுருக்கம்வரை தெரிந்தது.

பேரனுக்கு மட்டும் குறை: "சாரலைக் காட்டாம சுவரைக் காட்டுறீங்களே, ஆச்சி!"