ஜோம்பாய்டு புதியவர்களே, கடிக்கு மருந்து கிடையாது

போன சனிக்கிழமை ராத்திரி நடந்ததைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். கேமிங் சென்டர் நடத்துவதும், அங்கே வருகிறவர்களுக்காகச் சர்வர் பராமரிப்பதும்தான் என் தொழில். வார இறுதிகளில் ஒரு குழு வந்து புராஜெக்ட் ஜோம்பாய்டு ஆடும், ஜாம்பிகள் நிறைந்த உலகத்தில் உயிர் பிழைத்திருக்கப் பார்க்கும் கணினி விளையாட்டு அது. ஆட்டத்தில் வரும் மல்ட்ரா ஊரில் ஒரு மாடி வீட்டைப் பிடித்து, ஜன்னல்களுக்குப் பலகை அடித்து, மூன்று வாரமாகச் சாப்பாடும் ஆயுதமும் சேர்த்து வைத்திருந்தார்கள். அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் மாலை ஆறு மணி வாக்கில் முன்கையில் கடிபட்டிருக்கிறான், ஆனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. பொது அலமாரியில் இருந்த கிருமிநாசினியைக் காலி செய்து, கட்டுப் போட்டு, ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் அத்தனையையும் விழுங்கிவிட்டு மாடியறையில் போய் மற்றவர்களோடு உட்கார்ந்துகொண்டான். எங்கள் சர்வரில் ஆட்டத்து நாள் ஒன்று என்பது ஒரு மணி நேரம். எட்டரை மணி சுமாருக்கு அவன் பாத்திரம் செத்து விழுந்தது, கொஞ்ச நேரத்தில் ஜாம்பியாக எழுந்தது. பக்கத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து தச்சு வேலைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்த இன்னொருவரின் பாத்திரத்துக்குக் கழுத்தில் கடி. அவரைக் காப்பாற்றப் போன மூன்றாவது ஆளுக்கும் கடி.

"அண்ணா, மருந்து எல்லாம் போட்டேன்ணா, அப்புறம் எப்படி?" என்று அந்தத் தம்பி கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது உண்மை. அவன்மேல் மட்டும் இல்லை. இதே கேள்வியை இந்த மாதம் மட்டும் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன்!

அதனால் தயவுசெய்து இதைப் பொறுமையாகப் படியுங்கள். ஜாம்பி உங்களுக்கு ஏற்படுத்தும் காயம் மூன்று வகை: கீறல், கிழிசல், கடி. ஆட்டத்தின் இயல்பான அமைப்பில் கீறலில் நாக்ஸ் தொற்று (ஆளை ஜாம்பியாக்கும் தொற்று) ஏற 7 சதவீத வாய்ப்பு, கிழிசலில் 25 சதவீதம், கடியில் 100 சதவீதம். நூறு என்றால் நூறுதான். அமைப்பை யாராவது மாற்றி வைத்திருந்தால் ஒழிய, கடிபட்ட பாத்திரம் இரண்டு மூன்று நாளில் சாகும். எந்த மருந்தும் இல்லை, எந்த ஆஸ்பத்திரியிலும் ஒளித்து வைத்த தடுப்பூசி இல்லை, கையை வெட்டிக்கொள்ளும் வசதியும் மூல ஆட்டத்தில் இல்லை.

அப்படியானால் கிருமிநாசினி எதற்கு என்று கேட்பீர்கள். அதற்கும் ஜாம்பிக்கும் சம்பந்தமே இல்லை. அழுக்குத் துணியைச் சுற்றினாலோ புண்ணைக் கழுவாமல் விட்டாலோ சாதாரணமாகச் சீழ் பிடிக்கும் அல்லவா, அதுபோன்ற புண் தொற்று ஒன்று ஆட்டத்தில் தனியாக இருக்கிறது. உடல்நலப் பலகையில் "தொற்று" என்று எழுதிக் காட்டுவது அதைத்தான். கிருமிநாசினியும் ஆன்டிபயாட்டிக்கும் அதற்குத்தான். நாக்ஸ் தொற்றை அந்தப் பலகை காட்டவே காட்டாது. பெயர் ஒன்றாக இருப்பதால் வந்த குழப்பம் இது. பலகையில் அந்த எழுத்து மறைந்தவுடன் "சரியாகிவிட்டது" என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்து உட்காருகிறீர்கள். சரியானது புண் மட்டும்.

இதன் மறுபக்கமும் என்னை அதே அளவு வருத்துகிறது. கீறல் விழுந்த உடனே "போச்சு" என்று பாத்திரத்தைத் தானே கொன்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நூற்றில் தொண்ணூற்று மூன்று கீறல்கள் வெறும் கீறல்கள்! கட்டுப் போடுங்கள், காத்திருங்கள். நாக்ஸ் தொற்றின் அறிகுறியான குமட்டல் அடையாளம் திரையில் வந்தால்கூட உடனே முடிவு கட்டாதீர்கள். பிணக்குவியல் பக்கத்தில் நின்றிருந்தாலும் கெட்டுப்போன உணவைத் தின்றிருந்தாலும் அதே குமட்டல் வரும். வாசலில் கொன்று போட்ட பிணங்களை அப்புறப்படுத்தாமல் அதன் பக்கத்திலேயே சமைத்துச் சாப்பிட்டுவிட்டு "எனக்குத் தொற்று வந்துவிட்டது" என்று அழுத ஒருவரை நானே எழுப்பி, தெரு தாண்டிப் போய் நிற்கச் சொல்லியிருக்கிறேன். பிழைத்துக்கொண்டார்.

சரி, கடி எப்படி விழுகிறது? பெரும்பாலானவர்கள் கூட்டத்தில் மாட்டிச் சாகவில்லை. களைத்துப் போய்ச் சாகிறார்கள். இதை நான் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். போன மாதம் ஒருவர், கையில் பேஸ்பால் மட்டை, எதிரே நான்கு ஜாம்பிகள். முதல் இரண்டை அருமையாக அடித்தார். திரையின் வலது ஓரத்தில் மூச்சு வாங்கும் அடையாளம் வந்துவிட்டது. அவர் அதைப் பார்க்கவே இல்லை, மவுஸை விடாமல் சொடுக்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது ஜாம்பிக்கு ஆறு அடி, ஏழு அடி, அது விழுந்து விழுந்து எழுந்தது, மட்டை தண்ணீருக்குள் வீசுவது போல மெதுவாக வந்தது, நான்காவது பக்கவாட்டிலிருந்து தோளைப் பிடித்தது. "மட்டை சரியில்லை" என்றார். மட்டையில் ஒரு குறையும் இல்லை. களைப்பு ஒவ்வொரு படி ஏறும்போதும் அடியின் வலு குறைகிறது, அவ்வளவுதான் விஷயம். பீதி அடையாளமும் அப்படியே. அதிகச் சுமை களைப்பை இன்னும் மோசமாக்கும். பை நிறைய டின்களைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு நிற்காதீர்கள், பையைக் கீழே போடுங்கள், பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம்.

மூச்சு வாங்கினால் சண்டை முடிந்தது என்று அர்த்தம். எத்தனை மிச்சம் இருந்தாலும் சரி. கொஞ்சம் ஓடி இடைவெளி பிடியுங்கள், ஒரு வீட்டைச் சுற்றியோ மரங்களுக்குள்ளோ புகுந்து அவற்றின் பார்வையிலிருந்து மறையுங்கள், அப்புறம் குனிந்து நடந்து விலகுங்கள். முழு வேகத்தில் மரங்களுக்குள் ஓடினால் கால் இடறி விழுவீர்கள், அதையும் செய்யாதீர்கள். பாதுகாப்பான இடத்தில் தரையில் உட்கார்ந்தால் மூச்சு சீக்கிரம் திரும்பும். இந்த ஜாம்பிகள் இயல்பு அமைப்பில் ஓடுவதில்லை. அவசரம் முழுக்க நம்முடையது.

சண்டை போட்டே ஆகவேண்டும் என்றால் முதல் வாரத்தில் இரண்டுக்கு மேல் வேண்டாம். வலது பொத்தானை அழுத்திப் பிடித்துக் குறி வைத்து, பின்னால் நடந்துகொண்டே, எட்டும் தூரத்துக்கு வந்த பிறகு அடியுங்கள். கிட்டே வந்துவிட்டால் ஸ்பேஸ் அழுத்தித் தள்ளுங்கள். விழுந்ததை எழ விடாதீர்கள். உயரம் குறைந்த வேலி கிடைத்தால் அதற்கு இந்தப் பக்கம் நில்லுங்கள், தாண்டி வருவது ஒவ்வொன்றும் தொப்பென்று உங்கள் காலடியில் விழும், அதைவிட நல்ல நண்பன் புதியவருக்குக் கிடையாது. ஒன்று மட்டும்: பின்னால் நடக்கும்போது பின்னால் என்ன இருக்கிறது என்று ஏற்கனவே பார்த்திருக்க வேண்டும். மூன்று நான்கு சேர்ந்து சூழ்ந்துவிட்டால் உங்களைக் கீழே இழுத்துப் போட்டுவிடும், அங்கே பாத்திரத்தின் உடல்நலம் எவ்வளவு இருந்தது என்ற கணக்கே இல்லை.

துப்பாக்கி பற்றி ஒரே வரி. ஷாட்கன் சத்தம் பல தெரு தாண்டிக் கேட்கும், அதைச் சுட்டபின் வருபவை அத்தனையையும் சமாளிக்க முடியும் என்றால் மட்டும் சுடுங்கள்.

தொடங்கும் ஊரிலேயே பாதி விதி எழுதிவிடுகிறீர்கள். கதை நடப்பது 1993 ஜூலை, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம். ரோஸ்வுட் அல்லது ரிவர்சைடில் தொடங்குங்கள், கூட்டம் குறைவு. ரோஸ்வுட்டில் தீயணைப்பு நிலையம் இருக்கிறது, கோடாரி கிடைக்க வாய்ப்பு அதிகம். வெஸ்ட் பாயின்ட் இப்போது வேண்டாம். லூயிவில் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

வீட்டுக்குள் நுழையும்போது கண்ணாடியை உடைத்துவிட்டு அப்படியே ஏறிக் குதிக்கிறீர்களே, அந்தச் சில்லை முதலில் எடுக்க வேண்டும் என்று எத்தனை முறை சொல்வது? ஜாம்பியே இல்லாத வீட்டில் ரத்தம் கொட்டிச் செத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அலாரம் அடித்தால் பிரிட்ஜைத் திறந்து பார்க்கும் ஆசையை விட்டு அந்த நொடியே வெளியேறுங்கள். கழிவறைக் கதவைத் திறந்துவிட்டு ஓரடி பின்னால் நில்லுங்கள், உள்ளே ஒன்று நின்றுகொண்டிருக்கும். தங்கும் வீட்டில் திரைச்சீலைகளை மூடுங்கள்.

தண்ணீரும் மின்சாரமும் முதல் மாதத்துக்குள் எந்த நாள் வேண்டுமானாலும் நிற்கும், முன்னறிவிப்பு வராது. முதல் நாளே பாட்டில், சட்டி, பானை எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வையுங்கள். பிரிட்ஜில் இருப்பதை முதலில் சாப்பிடுங்கள், டின்களைத் தொடாதீர்கள், டின் திறக்கும் கருவி ஒன்றை மறக்காமல் எடுங்கள். ஜெனரேட்டரை இயக்க அதற்கான பத்திரிகையைப் படித்திருக்க வேண்டும். கிடைத்த சந்தோஷத்தில் அதை வீட்டுக்குள் வைத்து ஓட்டாதீர்கள், புகையில் சாவீர்கள். முதல் வாரம் முடியும் சமயத்தில் ஒரு ஹெலிகாப்டர் வந்து உங்களைப் பின்தொடரும், சுற்றுவட்டார ஜாம்பிகள் எல்லாம் அதன் சத்தத்துக்கு நகரும். அன்றைக்கு வீட்டுக்குள் இருங்கள், வெளியே மாட்டிக்கொண்டால் சொந்த வீட்டை நோக்கி ஓடாதீர்கள்.

தடித்த உடை கடியைத் தடுக்கக்கூடும், தோல் ஜாக்கெட் கிடைத்தால் போடுங்கள். ஆனால் அது ஜூலை மாத வெயில், வேர்த்துக் களைத்துப் போவீர்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இனி கடிபட்டுவிட்டால். குழுவாக ஆடுகிறவர்கள் வெளியே போய் வந்தவரை வாசலிலேயே நிறுத்தி மருத்துவப் பரிசோதனை செய்யுங்கள், வலது சொடுக்கில் அந்த வசதி இருக்கிறது, சில நொடி வேலை. அந்த சனிக்கிழமை ஒருவராவது அதைச் செய்திருந்தால் இரண்டு பாத்திரங்கள் பிழைத்திருக்கும். யாரும் அந்தத் தம்பியைத் திட்டாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன், பயந்துதான் மறைத்தான். திட்டுவார்கள் என்று தெரிந்தால் அடுத்த ஆளும் மறைப்பார்.

கடிபட்டவருக்கு: சொல்லிவிடுங்கள். இரண்டு நாள் இருக்கிறது, அது குறைந்த நேரம் இல்லை. உங்கள் பையில் இருப்பதைப் பெட்டியில் வையுங்கள், மருந்தை அடுத்தவருக்கு விட்டுவையுங்கள், போகப் பயந்த கடைக்குப் போய்ப் பாருங்கள், அங்கே என்ன இருக்கிறது என்று வரைபடத்தில் குறித்துக் கொடுங்கள். பிறகு வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி ஒரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். உலகம் அழிவதில்லை, புதுப் பாத்திரத்தோடு அதே உலகத்துக்குத்தான் திரும்பி வருவீர்கள். எந்த அறை என்று மட்டும் நண்பர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.