மீசோதீலியோமா: பிரிட்டனில் யாருக்கு என்ன பணம், எந்தக் கெடுவுக்குள்

கணவர் வேலை முடிந்து வந்ததும் அவருடைய மேலங்கியைக் கொல்லைப்புறம் கொண்டுபோய் நாலு உதறு உதறிவிட்டுத் துவைக்கப் போடுவது கிழக்கு லண்டன் வீடுகளில் அந்தக் காலத்து வழக்கம். அங்கே பார்க்கிங் பகுதியில் கேப் நிறுவனத்தின் அஸ்பெஸ்டாஸ் ஆலை 1913 முதல் 1968 வரை ஓடியது. உதறும்போது பறந்தது அந்தத் தூசிதான். லண்டன் மருத்துவமனை நோயாளிகளைப் பற்றி 1965இல் வெளிவந்த ஆய்வு, ஆலைத் தொழிலாளர்களோடு அவர்கள் துணியைத் துவைத்தவர்களுக்கும், ஆலைகளிலிருந்து அரை மைலுக்குள் குடியிருந்தவர்களுக்கும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வந்திருப்பதைக் காட்டியது.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. “நான் அந்த வேலையே பார்த்ததில்லை, எனக்கு என்ன கிடைக்கப்போகிறது” என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி விடக்கூடாது. பிரிட்டிஷ் சட்டம் அவர்களுக்கும் இடம் வைத்திருக்கிறது.

நோயைப் பற்றிச் சுருக்கமாக. நுரையீரலைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. மூச்சோடு உள்ளே போன அஸ்பெஸ்டாஸ் நார் அந்தச் சவ்வு வரைக்கும் போய்த் தங்கிவிடும். புற்றுநோயாக மாற 20 முதல் 50 ஆண்டுகள்கூட ஆகலாம். மூச்சு வாங்குதல், நெஞ்சில் வலி, சவ்வுக்குள் நீர் கோர்த்தல் என்று ஆரம்பிக்கும். திசு எடுத்துப் பரிசோதித்தால்தான் உறுதியாகத் தெரியும். பிரிட்டனில் அஸ்பெஸ்டாஸின் நீலம், பழுப்பு வகைகளை 1985இலும் வெள்ளையை 1999இலும் தடை செய்தார்கள். ஆனாலும் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் இந்த நோயால் இறக்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் தூசியை இழுத்தது தடைக்கு முன்னால்.

சரி, பணத்துக்கு வருவோம். எந்தக் கதவைத் தட்டுவது என்பது தூசி எப்படி வந்தது என்பதைப் பொறுத்தது.

சம்பளத்துக்கு வேலை செய்த இடத்தில் வந்திருந்தால் முதலில் இண்டஸ்ட்ரியல் இன்ஜுரிஸ் டிஸேபிள்மென்ட் பெனிஃபிட் என்று அரசு தரும் வாரப் படி. மற்ற நோய்களுக்கு ஊனம் எத்தனை சதவீதம் என்று அளப்பார்கள். மீசோதீலியோமாவுக்கு நேராக 100 சதவீதம். வாரம் 220 பவுண்டுக்கு மேல் வரும், வரி கிடையாது. பின்தேதியிட்டு மூன்று மாதத்துக்கு மேல் தரமாட்டார்கள், அதனால் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் நட்டம். வேலை கொடுத்த நிறுவனம் மூடிப்போயிருந்தால், இதோடு 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு மொத்தத் தொகையும் கேட்கலாம். அதற்குக் கெடு, இந்தப் படியைத் தருவதாக முடிவு வந்த நாளிலிருந்து 12 மாதம்.

சொந்தமாகத் தொழில் செய்தவர்களுக்கு அந்த வாரப் படி இல்லை. அவர்களுக்கும், துணி துவைத்து வந்தவர்களுக்கும், ஆலைக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்கும், எங்கே பட்டது என்றே தெரியாதவர்களுக்கும் 2008இல் வந்த அரசுத் திட்டம். வேலைக்கும் நோய்க்கும் தொடர்பு காட்ட வேண்டியதில்லை. வேறு வழியில் நட்டஈடு வாங்கியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். நோய் கண்டறியும்போது என்ன வயதோ அதை வைத்துத் தொகை: 37 வயது வரை 1 லட்சம் பவுண்டுக்கு மேல், வயது ஏற ஏறக் குறையும். நோய் உறுதியான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். நோயாளி இறந்துவிட்டால், அவரை நம்பியிருந்த குடும்பத்துக்கு இறந்த நாளிலிருந்து 12 மாதம். துக்கத்தில் ஒரு வருடம் எப்படிப் போகும் என்று தெரியாது; நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

மூன்றாவது, 2014 சட்டத்தின் கீழ் வந்த திட்டம். முதலாளியின் கவனக்குறைவால் தூசி பட்டது, ஆனால் நிறுவனமும் இல்லை, அதன் காப்பீட்டுக் கம்பெனியையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் இது. பணம் காப்பீட்டுக் கம்பெனிகளிடம் வரியாக வாங்கப்படுகிறது. நோய் 2012 ஜூலை 25 அன்றோ அதற்குப் பிறகோ கண்டறியப்பட்டிருக்க வேண்டும். கெடு மூன்று ஆண்டு. பலருக்கு 1 லட்சம் பவுண்டைத் தாண்டும். காப்பீட்டுக் கம்பெனி கிடைத்துவிட்டால் வழக்கே போடலாம், அதற்கும் பொதுவாக மூன்று ஆண்டு. வழக்கில் பணம் வந்தால் முன்பு வாங்கிய மொத்தத் தொகையைக் கழித்துக்கொள்வார்கள்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: 2008, 2014 இரண்டுக்குமே தூசி பட்டது பிரிட்டனில் இருக்க வேண்டும். இலங்கையில் வீட்டுக்கூரையாக இருந்த அஸ்பெஸ்டாஸ் தகட்டைக் காட்டி இங்கே கேட்க முடியாது. ஆனால் இங்கே பழைய கட்டடங்களில் கூரை பிரித்தவர், கொதிகலன் அறையில் வேலை பார்த்தவர் என்றால், ஊரில் அந்தக் கூரைக்குக் கீழே வளர்ந்தவர் என்பதற்காக ஒதுங்க வேண்டாம்.

விண்ணப்பத்தில் எல்லாவற்றையும் விட முக்கியம் வேலை வரலாறு. அப்பாவோ அம்மாவோ பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள்: எந்த ஆண்டு, எந்தத் தெரு, மேற்பார்வையாளர் பெயர், கூட வேலை செய்தவர்கள், என்ன பலகையை அறுத்தார்கள், தூசி எவ்வளவு இருந்தது. சம்பளச் சீட்டு இல்லாவிட்டாலும் வரித்துறையான எச்எம்ஆர்சியிடம் கேட்டால் தேசியக் காப்பீட்டுப் பதிவிலிருந்து பழைய முதலாளிகளின் பட்டியல் தருவார்கள்.

அப்புறம், சொல்ல மனம் வராத ஒரு விஷயம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மீசோதீலியோமா மரணத்தைக் கொரோனருக்கு, அதாவது மரணக் காரணத்தை விசாரிக்கும் அதிகாரிக்கு, தெரிவித்தாக வேண்டும். அடுத்த நாளே தகனம் என்று உறவினர்களுக்குச் சொல்லிவிடாதீர்கள். உயிரோடு இருக்கும்போதே செய்த திசுப் பரிசோதனை அறிக்கையின் நகலை வீட்டில் வைத்திருந்து கொரோனர் அலுவலகத்திடம் கொடுங்கள். அது தெளிவாக இருந்தால் உடலை அறுத்துப் பார்க்காமலே விடவும் வாய்ப்புண்டு.