வரப்போகும் வசதியை நம்பி வாடிக்கையாளரின் ஆப்பைக் கட்டாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துச் சிறு வணிகர்களுக்கு ஆப் எழுதிக் கொடுக்கும் இளைஞர்கள் பெருகியிருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால், அவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டு வேலை கிடைத்துச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போனபின், அந்த ஆப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் அலுவலகப் படியேறும் கடைக்காரர்களும் கூடவே பெருகிவருகிறார்கள். பெரும்பாலும் நோய் ஒன்றுதான்: ஆப் எழுதும் கருவியில் இன்னும் சோதனையளவிலேயே இருக்கும் வசதியை நம்பி, பணம் கொடுத்த ஒருவருடைய தொழிலுக்கான ஆப்பை எழுதியிருப்பார்கள்.

அண்மையில் வந்தவர், தேன்குழலும் மணவோலமும் சீப்புச்சீடையும் செய்து விற்கும் ஓர் ஆச்சி. அவருக்குச் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆர்டர் வருகிறது. பார்சல் கட்டணத்தை மாற்ற வேண்டும் என்பது மட்டுமே அவருடைய கோரிக்கை. ஆப்பின் நிரலை, அதாவது கோடைத் திறந்து பார்த்தால், ஆர்டர், முகவரி, பலகாரம் என்று ஒவ்வொரு கிளாஸின் (தகவல் வார்ப்பின்) தலையிலும், தகவலை அனுப்பும் வடிவத்துக்கு மாற்றித்தரும் ‘ஜேசன்கோடபிள்’ என்ற குறி உட்கார்ந்திருக்கிறது. அது டார்ட் என்ற நிரல்மொழியின் மேக்ரோ வசதியை, அதாவது திரும்பத் திரும்ப எழுத வேண்டிய கோடைக் கருவியே எழுதிக்கொள்ளும் வசதியைக் காட்டுவதற்காக 2024 மே மாதம் முன்னோட்டமாக வெளியிடப்பட்டது. டார்ட்டில் ஆப் எழுத உதவும் ஃபிளட்டர் கருவியின் மாஸ்டர் சேனலில், அதாவது இன்னும் உருவாக்கத்திலிருக்கும் பதிப்பில், சோதனைக்கான கொடியை (ஃபிளாக்) வலிந்து இயக்கினால்தான் ஓடும். 2025 ஜனவரியில் டார்ட் குழுவினரே மேக்ரோ வேலையை நிறுத்திவிட்டதாக அறிவித்துவிட்டார்கள். ஆகவே இந்தக் கோடு எந்த ஸ்டேபிள் பதிப்பிலும், அதாவது நிலைப்படுத்தி வெளியிடப்படும் பதிப்பிலும், கம்பைல் ஆகி ஆப்பாக மாறப்போவதில்லை. “சார்ஜை மாத்துறதுக்கு ஆப்பையே புதுசா எழுதணும்னு சொல்றீகளே தம்பி” என்று அவர் கேட்டபோது, நியாயமான அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அங்கே இல்லை. எழுதிய இளைஞரைத் தொலைபேசியில் பிடித்தபோது, “மேக்ரோ வரப்போகுதுன்னு அவங்களே அறிவிச்சாங்களேண்ணே” என்றார்.

இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. அறிவிப்பு என்பது வாக்குறுதி அன்று. ரோட்மேப் என்பது, இன்றைய நிலையில் அந்தக் குழு எதில் உழைக்க விரும்புகிறது என்பதைச் சொல்லும் பட்டியல் மட்டுமே. இவை எங்கள் விருப்பம், உத்தரவாதமல்ல என்று ஃபிளட்டர் குழுவே தன் ரோட்மேப்பில் எழுதிவைத்திருக்கிறது, அந்த வரியைத்தான் ஒருவரும் படிப்பதில்லை. மாநாட்டு மேடையில் ஒரு வசதி ஓடிக்காட்டுவது, அது எல்லாக் கோடிலும், எல்லாக் கணினியிலும், சகித்துக்கொள்ளத்தக்க வேகத்தில் ஓடும் என்பதற்குச் சான்றாகாது. மேக்ரோ விழுந்ததும் அங்கேதான், ஹாட் ரீலோடின் (கோடில் செய்த மாற்றத்தை ஓடும் ஆப்பில் உடனே காட்டும் வசதியின்) வேகத்தைக் காவுகொடுக்காமல் அதை முடிக்க வழி கிடைக்கவில்லை. கைவிடப்படாத வசதிகளும் சொன்ன நேரத்தில் வருவதில்லை. ரியாக்ட் நேட்டிவ் என்ற இன்னொரு ஆப் கருவியின் புதிய கட்டமைப்பு 2018ல் அறிவிக்கப்பட்டது. 2024 அக்டோபரில் வந்த 0.76 பதிப்பில்தான் அது இயல்புநிலையானது, அதாவது தனியே இயக்காமலே கிடைத்தது. மைக்ரோசாஃப்ட், டாட்நெட் மௌயி என்ற தன் ஆப் கருவியை 2020 மே மாதம் அறிவித்து, 2021 நவம்பரில் டாட்நெட் 6 உடன் தருவதாகத் திட்டமிட்டு, 2022 மே மாதம்தான் தந்தது. அவ்வளவு பெரிய நிறுவனங்களுக்கே தள்ளிப்போகும் தேதியை, நம் பையன்கள் கொட்டேஷனில் ‘தீபாவளிக்குள்’ என்று எழுதித் தருகிறார்கள். அறுவடையாகாத நெல்லை நம்பி எந்த ஆச்சியாவது முகூர்த்தப் பலகாரத்துக்கு முன்பணம் வாங்குவாரா?

பல தளங்களுக்குமான கருவி என்பதால், ஒரு வசதி வந்தால் எல்லாத் தளங்களுக்கும் ஒரே நாளில் வந்துவிடும் என்ற எண்ணமும் தவறு. ஃபிளட்டரில் திரைக்காட்சியை வரையும் இம்பெல்லர் ரெண்டரர் 2023ல் ஐபோனுக்கு இயல்புநிலையாகி, ஆண்ட்ராய்டுக்கு 2024 இறுதியில்தான் ஆனது. கம்போஸ் மல்டிபிளாட்ஃபார்ம் என்ற கருவி ஐபோனுக்கு நிலைபெற்றது 2025 மே மாதத்தில். நம் ஊர்க் கடைகளுக்கு இது சின்ன விஷயமில்லை. கடைப் பையன் கையில் ஆண்ட்ராய்டு, கல்லாவில் விண்டோஸ் கணினி, ஆர்டர் போடும் சிங்கப்பூர் உறவினர் கையில் ஐபோன் என்றுதான் இங்கே பெரும்பாலான கணக்கு இருக்கிறது. மூன்றிலும் நிலைபெற்றிருக்கிறதா என்று பார்க்காமல் வாய் கொடுக்காதீர்கள். ஐபோன் பதிப்பைக் கட்ட சொந்த மேக் கணினியோ, இணையவழி வாடகைக்குக் கிடைக்கும் மேக் கணினியோ வேண்டும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதையும் கருவி பார்த்துக்கொள்ளும் என்று நம்பும் கடைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சோதனைப் பதிப்பிலேயே ஓடட்டும், தொடாமல் விட்டுவிடுவோம் என்பதும் நடக்காது. 2025 ஆகஸ்ட் 31க்குப் பின் பிளே ஸ்டோரில் புதிய ஆப்போ அப்டேட்டோ ஏற்ற, அது ஆண்ட்ராய்டு 15ஐயோ அதற்குப் பிந்தைய பதிப்பையோ இலக்காகக் கொண்டிருக்க வேண்டும். அப்போது பிளகின்களை, அதாவது ஆப்பில் சேர்த்திருக்கும் துணைநிரல்களைப் புதுப்பிக்க வேண்டிவரும், பிளகின்கள் புதிய டார்ட்டைக் கேட்கும், கைவிடப்பட்ட வசதி அங்கே வழிமறித்துக்கொண்டு நிற்கும்.

எழுதுகிறவர்களுக்குச் சொல்கிறேன். வாடிக்கையாளர் வேலைக்கு ஸ்டேபிள் சேனல் மட்டுமே. எந்தப் பதிப்பில் கட்டினீர்கள் என்பதை எஃப்விஎம் என்ற ஃபிளட்டர் பதிப்பு மேலாண்மைக் கருவியைக் கொண்டு திட்டத்துக்குள்ளேயே பூட்டுங்கள். எந்தத் துணைநிரல் எந்தப் பதிப்பு என்று குறித்துவைக்கும் பப்ஸ்பெக் லாக் கோப்பை, கோடின் மாற்றங்களைச் சேமிக்கும் ஜிட்டில் சேருங்கள், அதைச் சேர்க்காதே என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. மேக்ரோ செய்ய வேண்டிய வேலையைத் தனியே செய்துதரும் பில்ட் ரன்னர் கருவியை ஒவ்வொரு முறையும் ஓட்டுவது அலுப்புத்தான். ஆனாலும் ஆச்சியின் ஆப்பை நாங்கள் கடைசியில் பில்ட் ரன்னரோடு ஓடும் ஜேசன் சீரியலைசபிள் தொகுப்புக்கு மாற்றித்தான் மீட்டோம். பீட்டா என்னும் சோதனைப் பதிப்பை ஆசைதீரப் பாருங்கள், உங்கள் சொந்தத் திட்டத்தில், தனி ஃபோல்டரில். பிழை கண்டால் அந்தக் குழுவுக்கு எழுதுங்கள், அவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், கோடு முழுவதும் உங்கள் பெயரில் உள்ள கணக்கில் இருக்கிறதா, ஆப்பை ஸ்டோரில் ஏற்றத் தேவையான கையொப்பச் சாவிக் கோப்பும் அதன் கடவுச்சொல்லும் உங்கள் கைக்கு வந்துவிட்டனவா என்று பாருங்கள். பிறகு, எழுதியவரை உங்கள் எதிரிலேயே உட்காரவைத்து, வேறொரு கணினியில், ஸ்டேபிள் பதிப்பைப் புதிதாக நிறுவி, ஆப்பை ஒருமுறை கட்டிக்காட்டச் சொல்லுங்கள்.