முதல் பவளத் தொட்டியில் எதை வைப்பது? ஒரு செப்புக்குடத்திலிருந்து தொடங்குகிறேன்

போன கோடையில் மன்னார்குடியில் ஒரு வீட்டுக்குத் தொட்டி பார்க்கப் போயிருந்தேன். மூன்றடிக் கடல்நீர்த் தொட்டி. கோமாளி மீன் இரண்டும் துள்ளிக்கொண்டு திரிகின்றன. காளான் பவளம் ஐந்தும் மட்டும் ஊறப்போட்ட புளி மாதிரி சுருங்கிப் பாறையில் ஒட்டிக் கிடக்கின்றன. உப்படர்த்தி 1.025. வெப்பம் 26 டிகிரி. அம்மோனியா இல்லை, நைட்ரேட் 10. குறை சொல்ல ஒன்றுமில்லை. அரை மணி நேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காபி கொண்டுவந்த வீட்டம்மா, "தண்ணி குறையுறப்போ நான்தான் சார் ஊத்துறேன்" என்றார்.

"எந்தத் தண்ணிம்மா?"

"ஆர்.ஓ. தண்ணிதான் சார். ராத்திரியே செப்புக்குடத்துல பிடிச்சு வச்சிருவேன். நாங்களும் அதைத்தானே குடிக்கிறோம்."

விஷயம் பிடிபட்டுவிட்டது. நமக்கு நல்லது என்று குடிக்கும் அந்தத் தண்ணீர் முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு ஆகாது. இறால், நத்தை, பவளம் எல்லாமே செம்பு பட்டால் துவண்டுவிடும். கடல் மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் செம்பு கலந்த மருந்து போடுவார்கள். மீனைக் காப்பாற்றும் அந்த அளவே பவளத்துக்கு எமன். போதாக்குறைக்கு ஆர்.ஓ. தண்ணீரில் தாது மிகக் குறைவு என்பதால் குடத்தின் செம்பை எளிதில் இழுத்துக்கொள்ளும். தொட்டியில் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், செம்பு போகாது. தினம் இரண்டு லிட்டர் ஊற்ற ஊற்றச் சேர்ந்துகொண்டே வரும். பிளாஸ்டிக் குடத்துக்கு மாற்றி, நான்கு முறை கால்வாசித் தண்ணீரை எடுத்துப் புதிது ஊற்றி, ஆக்டிவேட்டட் கரியும் செம்பை உறிஞ்சும் ஊடகமும் போட்டதில் மூன்று காளான்கள் பிழைத்தன.

கும்பகோணத்தில் இருந்துகொண்டு தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் கடல்நீர்த் தொட்டிகளை அமைத்துப் பராமரிப்பது என் பிழைப்பு. புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் போனில் ஒரு படத்தைக் காட்டி, "இந்தக் கலர் வேணும் அண்ணே" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் நிறத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் அதை நம் நாட்டில் வைத்துக்கொள்ளலாமா, அடுத்து நம் ஊர்த் தண்ணீரும் வெயிலும் கரண்டும் அதற்குத் தாங்குமா. இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகு நிறம்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலருக்கு இது தெரியாது. வெளிநாட்டு வீடியோக்களில் புதியவர்களுக்கு ஏற்றது என்று டார்ச், ஹேம்மர், டங்கன், கேண்டி கேன் எல்லாவற்றையும் காட்டுவார்கள். வளர்ப்பது எளிதுதான். ஆனால் அவை எல்லாம் சுண்ணாம்பு எலும்புக்கூடு கட்டும் கல் பவளங்கள். கல் பவளம் அத்தனையும், கருப்புப் பவளம், ஆர்கன் பைப், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் 2001 முதல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணையில், இருக்கின்றன. அந்த அட்டவணை உயிர்கள் தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. ராமேஸ்வரம் போய்வந்தவர்கள் ஷோகேஸுக்கென்று வாங்கிவரும் வெள்ளைப் பவள எலும்பும் இதில் அடக்கம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு துண்டு எடுத்தாலும் தப்பு. கடையில் கல்லுடம்பா, மெத்துடம்பா என்று கேளுங்கள், வளர்த்துப் பிரித்த துண்டா என்று கேளுங்கள், பில் வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துவிட்டு வாங்குங்கள். பாறைக்கும் இதே கதை. கடலிலிருந்து பெயர்த்தது வேண்டாம், செராமிக்கில் செய்த பாறை போதும்.

அடுத்தது உப்பு. "வேதாரண்யம் பக்கத்துல இருக்கு, அங்க இல்லாத உப்பா?" என்று நாகைக்காரர்கள் கேட்பார்கள். உப்பளத்தில் கடல்நீர் காயும்போது சுண்ணாம்பும் ஜிப்சமும் முதலிலேயே படிந்துவிடும். அதன் பிறகுதான் உப்பு பூக்கும். மெக்னீசியம் பெரும்பாலும் கடைசிக் கசப்பு நீரில் நின்றுவிடும், அதை அளத்துக்காரர்கள் வெளியே விட்டுவிடுவார்கள். கையில் கிடைப்பது அநேகமாக சோடியம் குளோரைடு மட்டும். பவளத்துக்கு லிட்டருக்குக் கால்சியம் 400 மில்லிகிராமுக்கு மேல், மெக்னீசியம் 1,300 பக்கம் வேண்டும். ஆகவே பவளத் தொட்டிக்கென்று விற்கும் உப்புதான், அதுவும் ஆர்.ஓ. தண்ணீரில். கரையோரப் போர்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நேராகக் கடல்நீரையே எடுத்து வரலாமா என்றால், ஐப்பசி கார்த்திகை மழையில் ஆறெல்லாம் கடலில் வந்து விழும்போது கரையோரத்து உப்பு எவ்வளவு குறையும் என்று உங்களுக்கே தெரியும்.

தண்ணீர் தயாரானதும் மீனையும் பவளத்தையும் போட்டுவிட முடியாது. நாலு முதல் ஆறு வாரம் தொட்டி ஓட வேண்டும். அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக்கி, அதையும் நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா பாறையில் குடியேற வேண்டும். விவசாயிகளிடம் இதை விளக்கவே வேண்டாம், சேறு பதமாவதற்குள் நாற்றை நட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இப்போது பவளங்கள். முதல் துண்டு காளான் பவளமாகவே இருக்கட்டும். டிஸ்கோசோமா, ரோடாக்டிஸ் என்று சிவப்பு, நீலம், பச்சைப் புள்ளி எல்லாம் கிடைக்கும். எலும்பு கிடையாது, தட்டு மாதிரி விரியும். அடியில், நிழலில், தண்ணீர் வேகம் குறைந்த இடத்தில் வையுங்கள். வெளிச்சம் அதிகமானால் சுருங்கும். தீனி போட வேண்டியதில்லை, உள்ளே குடியிருக்கும் நுண்பாசியே சோறு போடும். கண்ணாடி மாதிரி சுத்தமான தண்ணீரைவிட நைட்ரேட் கொஞ்சம் இருக்கும் தண்ணீர்தான் இதற்குப் பிடிக்கும், அதனால் கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரை இராப்பகலாக ஓட்டவும் தேவையில்லை.

அடுத்து லெதர் என்ற மெத்துடம்புப் பவளம், குறிப்பாக டோட்ஸ்டூல் வகை. குடைக்காளான் உருவம், மேலே புல் முளைத்த மாதிரி பாலிப்கள், அதாவது பவளத்தின் குட்டிக் குட்டி உயிர்கள். கொஞ்சம் வேகமான நீரோட்டம் வேண்டும். பக்கத்தில் இருப்பவற்றைத் தன் ரசாயனத்தால் ஒடுக்கும் குணம் இதற்கு உண்டு, அதனால் ஃபில்டரில் ஒரு பை கரி எப்போதும் இருக்கட்டும். செனியா கையை மூடித் திறக்கிற மாதிரி துடிக்கும். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் பிடித்துப்போன தொட்டியில் அது நம் வாய்க்காலில் ஆகாயத்தாமரை பரவுகிற மாதிரி பரவிவிடும். தனியாக ஒரு கல்லில், மற்ற பாறையைத் தொடாமல் மணல் நடுவே வையுங்கள். கென்யா ட்ரீயும் அப்படித்தான். கிளையை உதிர்த்து உதிர்த்துக் குடும்பம் பெருக்கும்.

நிறத்துக்குப் போட்டி வைத்தால் சோவாந்தஸ்தான் ஜெயிக்கும். ஆரஞ்சு வாய், பச்சை விளிம்பு, ஊதாத் தட்டு என்று சின்னச் சின்னப் பூக்களாகப் பாயில் விரிந்து கிடக்கும். வளர்ப்பதும் எளிது. ஆனால் இதை விற்கும்போது கடையில் சொல்லாமல் விடும் ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். சோவாந்தஸ், பாலித்தோவா குடும்பத்தில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. 1971இல் ஹவாய்த் தீவில் கிடைத்த ஒரு பாலித்தோவாவிலிருந்துதான் அதைப் பிரித்தெடுத்தார்கள். அறியப்பட்ட இயற்கை நஞ்சுகளில் மிகக் கொடியவற்றில் ஒன்று. எந்தத் துண்டில் இருக்கிறது, எதில் இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நாள், பாறையில் வேண்டாத இடத்தில் முளைத்த பழுப்பு பாலித்தோவாவைப் பிளேடால் சுரண்டினேன். கையுறை போட்டிருந்தேன், கண்ணாடி போடவில்லை. ஒரு பாலிப் பிதுங்கி, பிச்காரி அடித்த மாதிரி நேராக இடது கண்ணில் வந்து அடித்தது. குழாயடியில் கால்மணி நேரம் கழுவிவிட்டுத்தான் மருத்துவரிடம் ஓடினேன். வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் ஒன்பது நாள் இருட்டறையில் கிடந்தேன். பார்வை தப்பியது என் அதிர்ஷ்டம். வீட்டில் இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீர் ஊற்றுவது, அடுப்பில் கொதிக்க வைப்பது, காய்ந்த பாறையைப் பிரஷ் போட்டுத் தேய்ப்பது. ஆவியோடும் தூளோடும் நஞ்சு மூச்சில் போகும், வீடே ஆஸ்பத்திரியில் படுக்கும். பாறையை ஒருபோதும் கொதிக்க வைக்காதீர்கள். வெட்டுவதைத் தண்ணீருக்குள் வைத்தே, கையுறையும் கண்ணாடியும் போட்டுச் செய்யுங்கள். கையில் புண் இருந்தால் அன்றைக்கு வேலை வேண்டாம். தொட்ட பிறகு வாயில் கசப்போ உலோக ருசியோ, மூச்சுத்திணறலோ, தசை வலியோ வந்தால் உடனே மருத்துவமனை. பாலிடாக்சின் என்ற பெயரைத் தாளில் எழுதியே கொடுங்கள்.

வாங்கும்போது ஒரு வார்த்தை. கடையில் எல்லாம் நீல விளக்கில்தான் ஒளிரும். வெள்ளை விளக்கைப் போடச் சொல்லிப் பாருங்கள். பழுப்பாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது உள்ளிருக்கும் பாசியின் நிறம். உடம்பு வெளுத்துக் கண்ணாடி மாதிரி தெரிந்தால்தான் வாங்கக் கூடாது. இயல்புக்கு மீறின மஞ்சளும் ரோஸும் சாயம் ஏற்றியதாக இருக்கலாம்.

வெயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது. தண்ணீர் 24 முதல் 26 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சித்திரை வைகாசியில் மன்னார் வளைகுடாக் கடலிலேயே 30 டிகிரியைத் தாண்டிப் பவளம் வெளுத்த ஆண்டுகள் உண்டு; வீட்டுத் தொட்டி எம்மாத்திரம்? மேலே விசிறி போட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், பதிலுக்குத் தண்ணீர் வேகமாக ஆவியாகும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்குப் பணம் இல்லையென்றால் தொட்டியைச் சின்னதாக்குங்கள் என்று சிலர் சொல்வார்கள். தப்பு. சின்னத் தொட்டிதான் சீக்கிரம் சுடும். கரண்டுக்கு, பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா அடித்துப் போன பிறகு, வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. என் கணக்கில் இருந்த ஆறு தொட்டிகளில் ஒன்றுதான் தப்பியது. அந்த வீட்டுப் பையன் முறை போட்டு ஜக்கில் மொண்டு மொண்டு ஊற்றியிருக்கிறான்.

கடைசியாக, போன ஐப்பசியில் பாபநாசத்திலிருந்து இரவு பத்து மணிக்கு வந்த ஒரு போன். "அண்ணே, லெதர் செத்துப்போச்சு. மேல மெழுகு பூசின மாதிரி இருக்கு, ஒரு பாலிப்கூட வெளிய வரலை. தூக்கிப் போட்டுறவா?" நாற்றம் அடிக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். உடம்பு கரைகிறதா? இல்லை. அப்படியென்றால் சட்டை உரிக்கிறது, பாம்பு மாதிரி. மேலே படிந்த பாசியையும் அழுக்கையும் கழற்றிப் போட லெதர் அவ்வப்போது இதைச் செய்யும். சில நாளிலும் முடியும், இரண்டு மூன்று வாரமும் இழுக்கும். நீரோட்டத்தைக் கொஞ்சம் அதன் பக்கம் திருப்பிவிட்டு, கை வைக்காமல் இருக்கச் சொன்னேன். தினமும் ஒரு படம் அனுப்பினார். பன்னிரண்டாம் நாள் படத்தில் அந்த மெழுகுத்தோல் ஓரத்தில் ஈரக் காகிதம் மாதிரி பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் மூன்று பாலிப்கள் தலை காட்டியிருந்தன.