கால் எரிச்சலுக்கு சில்டெனாஃபில்: சுண்டெலியில் பலித்தது நமக்கும் பலிக்குமா?

நரம்புக்கும் ரத்தம் வேண்டும். ஒவ்வொரு நரம்பின் மேலும் உள்ளேயும் மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுக்குள் வராமல் இருந்தால் அவற்றின் சுவர் தடித்து, உள்வழி குறுகிவிடும். ஆக்சிஜன் போதாமல் நரம்பு நலியும். நீளமான நரம்புகள்தான் முதலில் அடிபடும். அதனால்தான் எரிச்சலும் மதமதப்பும் பாதத்தில் தொடங்கி மேலேறுகின்றன.

அப்படியானால் குழாயை விரித்துக் கொடுத்தால் நரம்பு தேறுமா? டெட்ராய்ட்டில் உள்ள ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை ஆய்வாளர்கள், சர்க்கரை நோயால் நரம்பு பாதிக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு சில்டெனாஃபில் கொடுத்துப் பார்த்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆண்மைக் குறைவுக்கு நாங்கள் எழுதித் தரும் அதே மருந்து. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பில் ரத்த ஓட்டம் கூடியது. நரம்பில் சமிக்ஞை பாயும் வேகமும் ஏறியது.

நல்ல ஆய்வு. நம்பிக்கை தருகிற ஆய்வும்கூட. ஆனால் சுண்டெலியின் கால் நரம்பு சில சென்டிமீட்டர்தான். நம்முடையது முதுகுத்தண்டிலிருந்து விரல் நுனிவரை சுமார் ஒரு மீட்டர். எலிக்குச் சில மாதங்களில் வந்த சேதம் நமக்குப் பல ஆண்டுகளாகச் சேர்ந்தது.

இந்தச் செய்தியைப் படித்துவிட்டு, "நானும் போட்டுக்கொள்ளலாமா டாக்டர்?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது: "நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கிற மாத்திரை வைத்திருக்கிறீர்களா?" அந்த நைட்ரேட் மாத்திரையும் சில்டெனாஃபிலும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சடாரென்று விழும், உயிரே போகலாம். கால் நரம்பு கெட்டவர்களில் பலருக்கு இதய நோயும் இருக்கும் என்பதுதான் என் பயம். சிலருக்கு அழுத்தத்தைச் சீராக வைக்கும் தன்னியக்க நரம்பும் கெட்டிருக்கும். படுக்கையிலிருந்து எழுந்தாலே தலைசுற்றும் அவர்களுக்கு, குழாயை விரிக்கும் மருந்து கீழே விழவைத்து எலும்பை முறிக்கக்கூடும். தயவுசெய்து மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

மனிதர்களிடமே நிரூபணமானது சர்க்கரைக் கட்டுப்பாடு. டைப் 1 நோயாளிகளிடம் (இன்சுலின் சுரப்பே நின்றுபோனவர்கள்) நடந்து 1993-இல் வெளியான டி.சி.சி.டி என்ற ஆய்வில், தீவிரக் கட்டுப்பாட்டால் நரம்பு பாதிப்பு சுமார் 60 சதவீதம் குறைந்தது. டைப் 2-இல் பலன் இவ்வளவு பெரிதல்ல. இருந்தாலும் அங்கும் அதுதான் அடிப்படை.

அடுத்தமுறை மருத்துவரைப் பார்க்கும்போது செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டுங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க ஓரிரு நிமிடம் போதும். நெடுநாளாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், அது வைட்டமின் பி12-ஐக் குறைக்கலாம் என்பதால் அதன் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். பி12 குறைந்தாலும் இதே மதமதப்புதான் வரும். அதற்குக் கைவசம் மருந்து இருக்கிறது.